உதைபந்தாட்டம்: ஒளிப்பதிவைக் கொண்டு தடுப்பாட்டக் குறைபாடுகளை ஆராய்தல்

அறிமுகம்

உங்கள் பாடசாலை அணி ஓர் ஆட்டத்தில் 4 கோல்களைப் பெறவிட்டுத் தோற்றுவிட்டது எனக் கொள்வோம். ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் ஓரத்தில் நிற்பவர்கள் என்ன சொல்வார்கள்? "கோல் காப்பாளர் சரியில்லை", "அந்தப் பின்கள வீரனால்தான் தோற்றோம்" என்பார்கள். இத்தகைய தீர்ப்புகள் பெரும்பாலும் தவறானவை. பந்து வலைக்குள் சென்ற கணத்தை மட்டும் மனதில் வைத்து அவை வழங்கப்படுகின்றன. உண்மையான தவறோ அதற்கு ஐந்து அல்லது பத்துச் செக்கன்களுக்கு முன்னர், மைதானத்தின் வேறோர் இடத்தில் நடந்திருக்கும்.

இத்தவறைக் கண்டுபிடிப்பதற்குப் பயிற்றுவிப்பாளர்கள் பயன்படுத்தும் கருவியே ஆட்ட ஒளிப்பதிவு ஆகும். ஒளிப்பதிவை எவ்வாறு பார்க்க வேண்டும் என்பதை உலகறிந்த ஓர் ஆட்டத்தைக் கொண்டு இங்கு விளங்கிக்கொள்வோம்.

தடுப்பாட்டத்தின் அடிப்படைத் தத்துவங்கள்

ஒளிப்பதிவைப் பார்க்கு முன்னர், எதைத் தேடுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். தடுப்பாட்டத்தில் பின்வரும் நான்கும் முக்கியமானவை.

1. தாமதப்படுத்தல்: பந்துடன் முன்னேறும் எதிரணி வீரரின் வேகத்தை அவருக்கு மிக அண்மையிலுள்ள வீரர் குறைத்தல். பந்தைப் பறிக்க முடியாவிட்டாலும், ஏனையோர் தத்தமது இடங்களுக்குத் திரும்ப இதனால் நேரம் கிடைக்கும்.

2. துணைக்காப்பு: பந்தை எதிர்கொள்ளும் வீரருக்குப் பின்னால் இன்னொருவர் நிற்றல். முதலாமவர் ஏமாற்றப்பட்டால் இரண்டாமவர் தடுப்பார்.

3. சமநிலை: பந்து இருக்கும் பக்கத்துக்கு அனைவரும் இழுபட்டுச் செல்லாது, மறுபக்கத்தையும் பெனால்டி எல்லையின் முன்பகுதியையும் காத்தல்.

4. நெருக்கம்: பின்களத்துக்கும் மத்தியகளத்துக்கும் இடையிலுள்ள வெளியைக் குறைத்தல். இவ்வெளி அகன்றால் எதிரணி அதற்குள் நின்று விளையாடும்.

ஒரு கோல் விழும்போது இவற்றுள் ஒன்றேனும் உடைந்திருப்பதைப் பெரும்பாலும் காணலாம். எது, எங்கே, எப்போது உடைந்தது என்பதைக் காண்பதே ஆய்வின் நோக்கமாகும்.

ஒளிப்பதிவைப் பார்க்கும் முறை

படி 1: முழு ஆட்டத்தையும் ஒருமுறை நிறுத்தாது பார்க்க. கோல்கள் விழுந்த நிமிடங்களைக் குறித்துக்கொள்க.

படி 2: ஒவ்வொரு கோலுக்கும் ஏறத்தாழ 10 செக்கன்கள் பின்னோக்கிச் செல்க. பந்து எங்கே, எவ்வாறு எதிரணியின் வசமாயிற்று என்பதை முதலில் எழுதுக.

படி 3: அதே பகுதியை மீண்டும் பார்க்க. இம்முறை பந்தைப் பார்க்க வேண்டாம். பந்து இல்லாத வீரர்களை மட்டும் பார்க்க. நமது கண் இயல்பாகவே பந்தைப் பின்தொடரும். ஆகவே இதற்குப் பயிற்சி தேவை.

படி 4: கடைசிப் பந்துப்பரிமாற்றம் நடக்கும் கணத்தில் படத்தை நிறுத்துக. தடுக்கும் அணியினர் எத்தனை பேர் கோலுக்கும் பந்துக்கும் இடையில் நிற்கின்றனர், எந்த எதிரணி வீரர் தனித்து நிற்கிறார் என எண்ணுக.

படி 5: உடைந்த தத்துவத்தைப் பெயரிடுக. எல்லாக் கோல்களையும் ஒப்பிட்டு, மீண்டும் மீண்டும் வரும் தவறைக் கண்டறிக.

உதாரண ஆட்டம்: பிரேசில் 1, ஜேர்மனி 7

2014 ஜூலை 8 ஆம் திகதி, உலகக் கிண்ண அரையிறுதி ஆட்டம் பிரேசிலின் பெலோ ஒரிசொன்ரே நகரின் மினெய்ராவ் அரங்கில் நடைபெற்றது. பிரேசில் 1975 ஆம் ஆண்டின் பின்னர் சொந்த நாட்டில் போட்டித்தொடர் ஆட்டம் ஒன்றில்கூடத் தோற்றிருக்கவில்லை. 2014 தொடரிலும் முதல் 5 ஆட்டங்களில் அந்த அணி பெறவிட்ட கோல்கள் 4 மாத்திரமே. அவ்வாறான அணி அன்று முதல் 29 நிமிடங்களுக்குள் 5 கோல்களைப் பெறவிட்டது. அவற்றுள் 4 கோல்கள் 23 ஆம் நிமிடத்துக்கும் 29 ஆம் நிமிடத்துக்கும் இடையில் விழுந்தவை.

ஆட்டத்துக்கு முந்திய நிலைமையையும் அறிதல் வேண்டும். அணித் தலைவரும் மத்திய பின்கள வீரருமான தியாகோ சில்வா இரண்டாவது மஞ்சள் அட்டை பெற்றதனால் விளையாடவில்லை. அவருடைய இடத்தில் டான்ரே ஆடினார். முன்கள வீரர் நெய்மர் கொலம்பியாவுடனான காலிறுதியில் முதுகெலும்பில் காயமடைந்திருந்தார். தேசிய கீதம் இசைக்கப்பட்டபோது பிரேசில் வீரர்கள் நெய்மரின் சீருடையை உயர்த்திப் பிடித்தனர். உணர்ச்சி மிகுந்த நிலையிலேயே அணி ஆட்டத்தைத் தொடங்கியது.

இனி ஐந்து கோல்களையும் படி முறைப்படி நோக்குவோம்.

முதலாவது கோல் (11 ஆம் நிமிடம்): டொனி குரூஸ் வலப்பக்கத்திலிருந்து மூலை உதையை உதைத்தார். தோமஸ் முல்லரைக் காக்க வேண்டிய டேவிட் லூயிஸ் வீரர்களின் நெரிசலில் தடைபட, முல்லர் தனித்து நின்று கோலடித்தார். பந்தை விட்டு வீரர்களைப் பார்த்தால் இது புலனாகும். ஆளுக்காள் தடுக்கும் முறையில், ஒருவர் தடைபட்டதும் அருகிலிருப்பவர் அந்த எதிரணி வீரரைப் பொறுப்பேற்க வேண்டும். இங்கு எவரும் பொறுப்பேற்கவில்லை. உடைந்தது துணைக்காப்பு.

இரண்டாவது கோல் (23 ஆம் நிமிடம்): குரூஸ் பெனால்டி எல்லைக்குள் அனுப்பிய பந்தை இடைமறிக்க முயன்ற பெர்னாண்டினியோ தவறவிட்டார். முல்லர் பந்தை மிரோஸ்லாவ் குளோசேயிடம் விட்டார். குளோசேயின் முதல் உதையைக் கோல் காப்பாளர் யூலியோ சேசர் தடுத்தார். திரும்பி வந்த பந்தைக் குளோசேயே மீண்டும் உதைத்துக் கோலாக்கினார். இது உலகக் கிண்ணத்தில் அவர் பெற்ற 16 ஆவது கோலாகும். இதன்மூலம் பிரேசிலின் ரொனால்டோவின் 15 கோல் சாதனை முறியடிக்கப்பட்டது. இங்கு கோல் காப்பாளர் தமது கடமையைச் செய்தார். தடுத்த பந்தை அகற்ற அவர் அருகில் எவரும் வந்து சேரவில்லை.

மூன்றாவது கோல் (24 ஆம் நிமிடம்): வலப்பக்கத்தால் முன்னேறிய பிலிப் லாம் பந்தைத் தாழ்வாகக் கோலின் முன்னால் அனுப்பினார். முல்லரின் காலுக்கு அது எட்டவில்லை. பின்னால் ஓடிவந்த குரூஸ் இடதுகாலால் உதைத்துக் கோலடித்தார். பின்கள வீரர்களின் கவனம் கோலின் முன்னால் குவிந்திருக்க, பெனால்டி எல்லையின் முன்பகுதி வெறுமையாகக் கிடந்தது. உடைந்தது சமநிலை.

நான்காவது கோல் (26 ஆம் நிமிடம்): ஆட்டம் மீண்டும் தொடங்கிச் சில செக்கன்களில், தமது பகுதியில் பந்தைப் பெற்ற பெர்னாண்டினியோவிடமிருந்து குரூஸ் பந்தைப் பறித்தார். சமி கெதிராவுடன் பந்தைப் பரிமாறி அவரே கோலடித்தார். தவறியவர் ஒருவர்தான். ஆயினும் படத்தை நிறுத்திப் பார்த்தால், பந்து பறிபோன பின் குரூஸையும் கெதிராவையும் எதிர்கொள்ளப் போதிய வீரர்கள் இல்லை என்பது தெரியும். இழந்த கோலை உடனே ஈடுசெய்யும் அவசரத்தில் அணியின் நெருக்கம் குலைந்திருந்தது.

ஐந்தாவது கோல் (29 ஆம் நிமிடம்): பின்கள வீரர் ஹம்மல்ஸ் பந்துடன் முன்னேறிவந்தார். பின்னர் கெதிராவும் மெசுட் ஒசிலும் பந்தைப் பரிமாறினர். கெதிரா கோலடித்தார். எதிரணியின் பின்கள வீரர் ஒருவர் இவ்வளவு தூரம் தடையின்றி வந்தார் என்றால் உடைந்தது தாமதப்படுத்தல்.

பிற்பாதியில் மாற்று வீரர் ஆந்த்ரே ஷூர்லே 69 ஆம், 79 ஆம் நிமிடங்களில் இரு கோல்களைப் பெற்றார். 90 ஆம் நிமிடத்தில் ஒஸ்கார் பிரேசிலின் ஒரே கோலைப் பெற்றார்.

எண்கள் சொல்லாதவை

இவ்வாட்டத்தின் புள்ளிவிபரங்களை மட்டும் பார்ப்பவர் வியப்படைவார். கோலை நோக்கிய உதைகள் பிரேசிலுக்கு 18, ஜேர்மனிக்கு 14. பந்தைத் தம்வசம் வைத்திருந்த நேரமும் பிரேசிலுக்கே சற்று அதிகம். எத்தனை முறை உதைத்தனர் என்பதை எண்கள் கூறும். எந்த இடத்தில் எவ்வளவு வெளி திறந்திருந்தது என்பதை அவை கூறமாட்டா. அதனை ஒளிப்பதிவிலேயே காணலாம்.

ஐந்து கோல்களையும் ஒருங்கே நோக்கினால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. எந்தக் கோலுக்கும் ஒருவர் மட்டும் காரணமல்ல. ஒருவர் தவறியபோது அவருக்குப் பின்னால் நிற்க வேண்டியவர் அங்கு இல்லை. தவறுகள் எந்த அணியிலும் நிகழும். அவற்றைத் தாங்கும் ஒழுங்கு குலைந்ததே அன்றைய தோல்வியின் காரணமாகும்.

ஒருவர் மீது சுமத்தப்பட்ட பழி

இவ்வாய்வு ஏன் முக்கியமானது என்பதை பிரேசிலின் இன்னொரு தோல்வி உணர்த்துகிறது. 1950 ஜூலை 16 ஆம் திகதி, ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் பிரேசில் உருகுவேயைச் சந்தித்தது. கிண்ணத்தை வெல்ல பிரேசிலுக்கு வெற்றிதோல்வியற்ற முடிவே போதுமானது. ஆயினும் உருகுவே 2-1 என வென்றது. 79 ஆம் நிமிடத்தில் கிஜ்ஜா பெற்ற வெற்றிக் கோலுக்காகக் கோல் காப்பாளர் பார்போசா குற்றஞ்சாட்டப்பட்டார். 2000 ஆம் ஆண்டில் இறக்கும்வரை, ஏறத்தாழ 50 ஆண்டுகள், அவர் அப்பழியைச் சுமந்தார்.

ஆனால் அக்கோலையும் பின்னோக்கிப் பாருங்கள். 66 ஆம் நிமிடத்தில் இதே கிஜ்ஜா இதே வலப்பக்கத்தால் ஓடிவந்து பந்தை நடுவே அனுப்ப, ஸ்கியாபினோ கோலடித்திருந்தார். பிரேசில் அதிலிருந்து பாடம் கற்கவில்லை. 79 ஆம் நிமிடத்திலும் கிஜ்ஜா அவ்வழியே வந்தார். இடதுபக்கத்தைக் காத்த பிகோடே பின்தங்கினார். அவருக்குரிய துணைக்காப்பு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. மீண்டும் பந்து நடுவே வரும் என எண்ணி பார்போசா சற்று விலகினார். கிஜ்ஜா அருகிலுள்ள கம்பத்தின் பக்கமாக உதைத்தார். 13 நிமிடங்களுக்கு முன் திறந்த வழியை மூடாதது முழு அணியின் தவறு. கடைசியாக நின்றவர் மீதே பழி விழுந்தது.

மாணவர்களே, கோல் காப்பாளர் எப்போதும் கடைசியாகவே நிற்கிறார். அவருக்கு முன் பத்துப் பேர் நின்றனர் என்பதை மறவாதீர்கள்.

உங்கள் அணிக்குப் பயன்படுத்தல்

விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கைத்தொலைபேசி ஒன்றினால் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே, இயன்றவரை உயரமான இடத்திலிருந்து பதிவு செய்க. பந்தை மட்டும் நெருக்கமாகப் பதிவு செய்தால் ஏனைய வீரர்களின் நிலைகள் தெரியா. பார்க்கும்போது "யார் விட்டது?" எனக் கேட்காது, "எங்கே வெளி திறந்தது?" எனக் கேட்க. சரியாகச் செய்யப்பட்ட தடுப்பாட்டத்தையும் காட்டிப் பாராட்டுக. ஒரு தடவையில் ஒரு தவறை மட்டும் தெரிவுசெய்து, அடுத்த பயிற்சியில் அதனைத் திருத்துக.

மாதிரி வினாக்களும் விடைகளும்

1. தடுப்பாட்டத்தில் "துணைக்காப்பு" என்பதனால் விளங்குவது யாது?
பந்தை எதிர்கொள்ளும் வீரர் ஏமாற்றப்பட்டால் தடுப்பதற்காக, அவருக்குப் பின்னால் இன்னொரு வீரர் தக்க தூரத்தில் நிற்றல்.

2. ஒளிப்பதிவை ஆராயும்போது பந்து இல்லாத வீரர்களை நோக்க வேண்டியது ஏன்?
திறந்த வெளிகளும் தனித்து நிற்கும் எதிரணி வீரர்களும் பந்துக்கு அப்பாலேயே உருவாகின்றமையால்.

3. 2014 அரையிறுதியில் பிரேசில் பெற்ற மூன்றாவது தோல்விக் கோலில் உடைந்த தத்துவம் எது? காரணம் தருக.
சமநிலை. கவனம் கோலின் முன்னால் குவிந்தமையால் பெனால்டி எல்லையின் முன்பகுதியில் குரூஸ் தடையின்றி உதைத்தார்.

4. "தோல்விக்குக் கோல் காப்பாளரே காரணம்" என்னும் கூற்றை 1950 ஆம் ஆண்டு ஆட்டத்தைக் கொண்டு மதிப்பிடுக.
விடையில் இடம்பெற வேண்டியவை: இரு கோல்களும் ஒரே பக்கத் தாக்குதலால் விளைந்தமை, முதற்கோலின் பின் அவ்வழி மூடப்படாமை, துணைக்காப்பு உரிய நேரத்தில் வராமை, ஆகவே பொறுப்பு அணி முழுவதற்கும் உரியது என்ற முடிவு.

குறிப்பு: காரணங்களைக் கேட்கும் வினாக்களுக்கு வீரரின் பெயரை மட்டும் எழுதுவது போதுமான விடையாகாது. என்ன நடந்தது, எந்தத் தத்துவம் உடைந்தது, எவ்வாறு திருத்தலாம் என்ற ஒழுங்கில் விடையை அமைத்துக்கொள்க.