கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்: யார் கையெழுத்து வேண்டும்?

திருமணமான பெண் தன் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றியே தீர வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தகப்பனார் பெயரோடு இருக்கும் பாஸ்போர்ட், அதில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதி வரை செல்லும். காலாவதியானால் அதே பெயரிலேயே புதுப்பித்துக்கொள்ளலாம். கணவரின் பெயரை ஏற்பதும் ஏற்காததும் அந்தப் பெண்ணின் முடிவு. "கல்யாணமான கையோடு பேரை மாத்திடும்மா" என்று உறவினர்கள் அவசரப்படுத்துவதாலேயே பல பெண்கள் யோசிக்காமல் விண்ணப்பித்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாஸ்போர்ட்டுக்குக் கணவரின் கையெழுத்தும் தேவையில்லை என்பதை உறுதிப்படுத்திய வழக்கு சென்னையிலேயே நடந்திருக்கிறது. 2023-ல் மணமான ஒரு பெண், 2025 ஏப்ரலில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். அதற்குள் தம்பதிக்குள் பிணக்கு முற்றி, மண உறவை முறிக்கக் கோரிக் கணவர் தொடுத்த வழக்கு நிலுவையில் இருந்தது. விண்ணப்பத்தோடு இணைக்கும் ஜே படிவத்தில் கணவர் கையெழுத்துப் போட்டால்தான் விண்ணப்பம் நகரும் என்றது மண்டல பாஸ்போர்ட் அலுவலகம். எதிர்த்து வழக்காடும் கணவரிடம் எப்படிப் போய்க் கையெழுத்துக் கேட்பது? அந்தப் பெண் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூனில் தெளிவாகத் தீர்ப்புச் சொன்னார்: பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க மனைவிக்குக் கணவரின் அனுமதியும் தேவையில்லை, கையெழுத்தும் தேவையில்லை, திருமணத்தால் ஒரு பெண் தன் தனித்த அடையாளத்தை இழப்பதில்லை. மனைவியைக் கணவரின் உடைமையாகப் பார்க்கும் மனப்போக்கை அவர் ஆணாதிக்கம் என்றே கண்டித்தார். நான்கு வாரங்களுக்குள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்படி உத்தரவிட்டார்.

பாஸ்போர்ட் எடுப்பது ஒன்று, அதில் கணவரின் பெயரைச் சேர்த்துத் தன் பெயரை மாற்றுவது வேறொன்று. முதலாவதற்குத் திருமணச் சான்று கட்டாயமில்லை என்று 2016 டிசம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் விதியைத் தளர்த்திவிட்டது. மணமுறிவு பெற்றவர்களும் பிரிந்து வாழ்பவர்களும் துணைவரின் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை என்பதும் அப்போது வந்த மாற்றம்தான். இரண்டாவதற்கு ஆதாரம் வேண்டும். திருமணப் பதிவுச் சான்று கையில் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால், இருவரும் சேர்ந்து எடுத்த படத்தோடு இருவரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழி கேட்பார்கள். இந்தக் கூட்டு உறுதிமொழி சமரசமாக வாழும் தம்பதிக்குச் சலுகை. மனக்கசப்பில் இருக்கும் பெண்ணுக்கோ அதுவே விலங்கு. ஆகவே உறவு நன்றாக இருக்கும்போதே திருமணத்தைப் பதிவுசெய்து, அசல் சான்றின் ஒரு நகலைப் பெண் தன் வசம் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமும்கூட. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது; எந்த மதத்தவராக இருந்தாலும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். சென்னை சைதாப்பேட்டையில் இருப்பவர்களுக்கு அங்கேயே சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. அங்குள்ள காரணீஸ்வரர் கோயிலில் தாலி கட்டியிருந்தாலும், பெரிய மண்டபத்தில் ஆயிரம் பேரைக் கூட்டியிருந்தாலும், கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் பதிவுச் சான்றுக்கு ஈடாகாது.

இனி, நம் ஊர்ப் பெண்களை அதிகம் சிக்கவைக்கும் இடத்துக்கு வருவோம்: இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். கவிதா என்ற பெண்ணின் தந்தை முருகன், கணவர் செந்தில்குமார், மாமனார் நடராஜன் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டில் பெயர் கவிதா, குடும்பப் பெயர் முருகன். ஆதாரில் எம். கவிதா. கல்யாணத்துக்குப் பிறகு எஸ். கவிதா ஆக வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் செந்தில்குமார் என்று வர வேண்டும். ஆனால் கணவரின் பாஸ்போர்ட்டைப் பார்த்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பவர், அதில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நடராஜன் என்று இருப்பதைக் கண்டு, கவிதாவுக்கும் நடராஜன் என்றே போட்டுவிடுவார். மாமனார் பெயர் மருமகளின் பெயராகிவிடும்! வடக்கே பெரும்பாலும் குடும்பம் முழுவதற்கும் ஒரே குடும்பப் பெயர் இருப்பதால் அங்கே இந்தச் சிக்கல் எழுவதில்லை. நமக்குத் தலைமுறைக்குத் தலைமுறை அது மாறுகிறது. ஆதாரில் எஸ், பாஸ்போர்ட்டில் நடராஜன், டிகிரி சான்றிதழில் எம் என்று மூன்று விதமாகக் கிடந்தால், விசா நேர்காணலிலோ வெளிநாட்டு வேலையிலோ ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். விண்ணப்பத்தை யார் நிரப்பினாலும், அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்களையும் நீங்களே எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற அனுமதி. எழுத்துப்பிழைக்கு ஒரு முறை ஏற்கெனவே செலவாகியிருந்தால் மிச்சம் ஒன்றுதான். ஆகவே எந்த வடிவில் பெயர் வேண்டும் என்பதை முதலில் தாளில் எழுதி முடிவுசெய்துவிட்டு, ஆதார், பான், வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அதே வடிவைக் கொண்டுவாருங்கள். புகுந்த வீட்டில் சிலர் பெண்ணுக்கு முழுப் பெயரையே புதிதாகச் சூட்டுவதுண்டு. அதற்குத் திருமணச் சான்று மட்டும் போதாது. பிரமாணப் பத்திரம், நாளிதழ் விளம்பரங்கள் அல்லது அரசிதழ் அறிவிப்பு என்று அது வேறு பாதை.

பெயர் மாற்றத்தைப் பேச்சு வழக்கில் ரினியூவல் என்றாலும், இணையதளத்தில் மறுவழங்கல் என்ற பிரிவில் சென்று, தனிப்பட்ட விவரங்களில் மாற்றம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலாவதி என்று மட்டும் குறித்துவிட்டு நேரில் போய்ப் புதுப் பெயரைக் கேட்டால் கோப்பு நின்றுவிடும். இதற்கு முன் பெயர் மாற்றியிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். தெரிந்தே தவறான தகவல் தருவதும் முக்கியத் தகவலை மறைப்பதும் 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். சைதாப்பேட்டைக்காரர்கள் சாலிகிராமம் சேவை மையத்தில் நேரம் வாங்கலாம். அமைந்தகரையிலும் தாம்பரத்திலும் மையங்கள் உண்டு.

புதுப் புத்தகம் புது எண்ணோடு வரும். பழையதை ரத்து செய்து திருப்பித் தருவார்கள். அதைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் உயிருள்ள விசா இருக்கலாம். பெயர் மாறியவர்கள் புது விசாவே எடுத்துவிடுவது நல்லது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை பரிந்துரைக்கிறது. மற்ற நாடுகளுக்கு அந்தந்தத் தூதரகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேனிலவுக்கு விமான டிக்கெட் எடுப்பவர்கள் ஆசையாகப் புதுப் பெயரில் எடுத்துவிட்டு, பழைய பெயர் பாஸ்போர்ட்டோடு மீனம்பாக்கத்தில் போய் நின்றால் ஏற விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டில் இன்று என்ன பெயர் இருக்கிறதோ, டிக்கெட்டில் அதுதான்.

அரசின் இணையதளம் பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன் ஒன்றே. பார்வைக்கு அதுபோலவே இருக்கும் போலித் தளங்கள் பணத்தையும் ஆவணங்களையும் பறிக்கின்றன. ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டுக்கான காவல் நிலைய விசாரணைக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது "டீ செலவு" கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையின் எண் 1064.

கோப்பு நின்றால் முதலில் பாஸ்போர்ட் உதவி எண் 1800-258-1800-ல் காரணம் கேளுங்கள், பிறகு அண்ணா சாலை ராயலா டவர்ஸில் இருக்கும் மண்டல அலுவலகத்தை அணுகுங்கள். வாய்வார்த்தையாக மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். மறுப்புக்கான காரணத்தைப் பதிவுசெய்து, கேட்டால் அதன் நகலைத் தரவேண்டும் என்கிறது பாஸ்போர்ட் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. அந்த நகல்தான் மேல்முறையீட்டுக்கு அடிப்படை. வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் கூறில் அடங்கும் என்றும், நியாயமான நடைமுறை இல்லாமல் அதைப் பறிக்கக் கூடாது என்றும் 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மாமியார் வீட்டில் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வது இன்றும் நடக்கிறது. பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து என்கிறது பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. அதைப் பிடித்து வைக்கக் கணவருக்கோ மாமியாருக்கோ எந்த அதிகாரமும் இல்லை. கேட்டும் தராவிட்டால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள்.