18 வயதுக்குப் பிறகு யார் துணை?

குழந்தைகள் இல்லத்தில் வளரும் பிள்ளைகள் பொதுவாக 18 வயது நிறைந்ததும் அங்கிருந்து வெளியேற வேண்டும். பெற்றோரை இழந்தவர்களுக்கும் தெருவிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கும் அந்த இல்லம்தான் ஒரே முகவரி. படிப்போ வேலையோ கைகூடாத நிலையில் வெளியே வந்தால், மறுபடியும் பேருந்து நிலையத்திலோ நடைபாதையிலோதான் படுக்க வேண்டியிருக்கும்.

சட்டம் தரும் உரிமை

இதைத் தடுக்கத்தான் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 46-ஆவது பிரிவில் ‘பிற்காப்பு’ என்ற ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. இல்லத்தை விட்டு வெளியேறும் இளைஞர்கள் சமூகத்தில் காலூன்ற நிதியுதவி பெற இது வழிசெய்கிறது. 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி, 21 வயது வரை இந்த ஆதரவு கிடைக்கும். விதிவிலக்கான சூழலில் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் தற்காலிகக் குழுவீடு, தொழிற்பயிற்சி, உதவித்தொகை, ஆலோசகரின் வழிகாட்டல் ஆகியவற்றுக்கும் இடமுண்டு. ஒன்றிய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் தகுதியுள்ளோருக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது.

பணம் மட்டும் போதுமா?

போதாது. சென்னையில் வாடகைக்கு ஓர் அறை பிடிக்கவே பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் சொன்னாலும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ள அதே சட்டம் இடம் தருகிறது. ‘சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார்?’ என்று வீட்டு உரிமையாளர் கேட்கும்போது, பதில் சொல்ல முடியாமல் நிற்கும் இளைஞருக்குக் கையில் பணம் இருந்தும் கதவு திறப்பதில்லை.

அதனால் வெளியேறும் நாளுக்கு வெகு முன்பே ஆயத்தம் தொடங்க வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ்கள் எல்லாம் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும். சமைக்கவும், சம்பளத்தில் வாடகைக்கு எடுத்துவைக்கவும் பழகியிருக்க வேண்டும். வேலை போனாலும், காய்ச்சலில் படுத்தாலும், நம்பிக் கூப்பிட ஒரு பெரியவர் இருக்க வேண்டும். மற்ற வீடுகளில் பெற்றோர் சத்தமில்லாமல் செய்துவிடும் இந்த வேலையை, இங்கே அரசும் சமூகமும்தான் ஏற்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

பிற்காப்பு தேவைப்படுவோர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். தொழில் நடத்துவோர் பயிற்சியுடன் வேலை கொடுக்கலாம். வீட்டு உரிமையாளர்களே, பெற்றோர் இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். 18 வயதில் நம் வீட்டுப் பிள்ளையைத் தனியே விட நாம் துணிவதில்லை. இந்தப் பிள்ளைகளையும் அப்படி விடக்கூடாது.