தலையாட்டி பொம்மைக்கு வரி "நம்பர்" வேணுமாம்!
தஞ்சை,

பெரிய கோவிலைப் பார்க்க வருகிறவர்கள் கையோடு வாங்கிப் போகிற தலையாட்டி பொம்மை, ஜி.எஸ்.டி. உத்தரவிலேயே பேர் சொல்லி இடம் பிடித்த பொம்மை!

2018-ல் மத்திய அரசு கைவினைப் பொருட்களுக்குத் தனிப் பட்டியல் போட்டது. அதில் சென்னபட்டணா பொம்மையோடு தஞ்சாவூர் பொம்மையும் இருக்கிறது. அப்போது வரி 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். 500 ரூபாய் பொம்மைக்கு 60 ரூபாயாக இருந்த வரி 25 ரூபாய் ஆகிவிட்டது.

சந்தோஷம்தான். ஆனால் தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது.

பார்சலுக்கு வேண்டாம்

தமிழ்நாட்டுக்குள் வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய் வரை சரக்கு விற்கிறவர் ஜி.எஸ்.டி. நம்பர் எடுக்க வேண்டியதில்லை. பொம்மைக் கடைக்காரருக்கு அவ்வளவு எங்கே வரப் போகிறது? கொலு சீசனில் நாலு காசு பார்ப்பார்.

பெங்களூரில் இருந்து ஒருவர் போன் போட்டு ஜோடி பொம்மை கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் கட்டி அனுப்பலாம். கைவினைப் பொருள் என்பதால் 20 லட்சம் வரை வெளிமாநிலத்துக்கும் நம்பர் தேவையில்லை. பான் கார்டும் ஈ-வே பில்லும் போதும்.

ஆன்லைனுக்கு வேண்டும்

அதே ஆள் அதே பொம்மையை அமேசானிலோ பிளிப்கார்ட்டிலோ பார்த்து ஆர்டர் போட்டால்? 100 ரூபாய் வியாபாரம் என்றாலும் நம்பர் கட்டாயம்! நம்பர் வந்துவிட்டால் முதல் ரூபாயில் இருந்தே வரி. விற்பனையே இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். ஆடிட்டருக்குத் தனியாக அழ வேண்டும். போதாததற்கு, விற்ற பணத்தில் கம்பெனியே வரிக்கென்று பிடித்துக்கொள்கிறது. 2018 அக்டோபரில் 1 சதவீதம். 2024 ஜூலை 10 முதல் அரை சதவீதம். பிறகு கணக்கில் வரவு வரும். இருந்தாலும் சின்ன வியாபாரிக்குக் கைமுதல் முடங்குகிறதே!

அரசு தரப்பிலும் நியாயம் உண்டு. நெட்டில் விற்கிற லட்சம் பேரை வீடு வீடாகத் தேட முடியுமா? கம்பெனி வழியாகப் பிடிப்பதுதான் சுலபம்.

ஆனால் வெளிநாட்டு இணையக் கம்பெனிகளுக்கு 2020-ல் போட்ட 2 சதவீதத் தீர்வை, அமெரிக்காவின் ஆட்சேபணைக்கு ஆளாகி, 2024 ஆகஸ்டில் எடுக்கப்பட்டது. ஆன்லைன் விளம்பரத்துக்கு இருந்த 6 சதவீதமும் 2025 ஏப்ரலில் போய்விட்டது.

காரைக்காலுக்கு கூடாது!

சின்ன வியாபாரிக்கு 2023 அக்டோபர் 1-ல் ஒரு சலுகை வந்தது. சொந்த மாநிலத்துக்குள் மட்டும் நம்பர் இல்லாமலே ஆன்லைனில் விற்கலாம். அதாவது கும்பகோணத்துக்கு விற்கலாம். சென்னைக்கு விற்கலாம். பக்கத்தில் இருக்கிற காரைக்காலுக்கு கூடாது. அது புதுச்சேரி எல்லை!

இந்தச் சலுகை வேண்டுகிறவர்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண்ணைக் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் கிடையாது.