குளிர்நாட்டு இல்லமும் விறகுக் கனலும்

உலகம் சுற்றிய இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் வோல்கா ஆற்றை அடுத்த புல்வெளிகளைக் கடுங்குளிர் காலத்தில் கடந்தார். நெருப்பின் அருகே வெந்நீரில் ஒளுச் செய்தும், சிந்திய துளிகள் அக்கணமே உறைந்து போயின என்று தம் பயண நூலில் குறித்துள்ளார். வெயிலுக்கு அஞ்சி வீடு கட்டும் நமக்கு இச்செய்தி வியப்பளிப்பதாகும். நெருப்பு அருகில் இருப்பது வேறு, இருக்கும் இடம் முழுவதும் வெம்மை பெறுவது வேறு என்பதை அது நமக்குக் காட்டுகிறது.

காஷ்மீரில் 'புகாரி' எனப்படும் இரும்புக் கணப்படுப்பை எடுத்துக்கொள்வோம். (பெயரைக் கேட்டதும் நம் நினைவு இமாம் புகாரி (ரஹ்) அவர்களிடம் செல்வது இயல்பே; இங்கு நாம் பேசுவது அடுப்பைப் பற்றி மட்டுமே.) இரும்புக் கூட்டினுள் விறகு எரிய, புகை குழாய் வழியே வெளியேறும். இரும்பு விரைவில் காயும், விரைவில் ஆறும். எதிரே அமர்ந்தவருக்கு முகம் தீயும், முதுகு நடுங்கும். சூடேறிய காற்று அடர்த்தி குறைந்து கூரையை நாட, குளிர்ந்த காற்று தரையில் தேங்கும். கதவு நிலைக்கு மேலே தங்கிவிட்ட வெப்பம் அடுத்த அறைக்குச் செல்வதில்லை. அந்த அடுத்த அறையில்தான் பெரும்பாலும் முதியவர் படுத்திருப்பார்.

விறகை மேலும் அடுக்கினால் தீருமே எனத் தோன்றும். தீராது. எரியும் நெருப்புக்குக் காற்று வேண்டும். அக்காற்று வீட்டிலிருந்தே புகைபோக்கி வழியே மேலே செல்கிறது. அதற்கு ஈடாக வெளிக்குளிர் சன்னல் இடுக்குகளின் வழியே உள்ளே நுழைகிறது. ஆகவே நெருப்பை வளர்க்குமுன் இடுக்குகளை அடைப்பதும், அடுப்புக்கு வெளியிலிருந்தே தனிக்குழாயில் காற்றுத் தருவதும் முறையாகும். விறகும் ஓராண்டேனும் உலர்ந்து, ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருத்தல் நன்று. ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பங்கு அதன் நீரை ஆவியாக்கவே செலவாகும். அதன் புகை குழாயினுள் கீல் போலப் படிந்து, பின்னொரு நாள் தீப்பற்றவும் கூடும்.

மின்விசிறி கொண்டு வெப்பத்தைப் பரப்ப முயல்வோர் பலர், அதனைக் கணப்பறையில் வைத்துச் சூடான காற்றை வெளியே தள்ளுவர். மாற்றி வைப்பதே பயன் தரும். குளிர்ந்த அறையின் தரையில் வைத்து, அங்குள்ள கனத்த காற்றைக் கணப்பறை நோக்கித் தள்ளினால், அவ்விடத்தை நிரப்பக் கதவின் மேற்புறமாகச் சூடான காற்று தானே வந்து சேரும்.

மின்சாரம் அறியாத காலத்து மக்கள் இச்சிக்கலை வேறு வழியில் வென்றனர். அவர்கள் காற்றை நம்பவில்லை, கல்லை நம்பினர். காஷ்மீரத்து வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் உள்ள 'ஹமாம்' என்னும் அறை இதற்குச் சிறந்த சான்று. அதன் தரை கற்பலகைகளால் ஆனது. பலகைகளுக்கு அடியில் வெற்றிடம் உண்டு. வெளிப்புறத்து வாய் வழியே விறகிட்டு எரிக்க, கனலும் புகையும் தரைக்கடியில் ஊர்ந்து சென்று மறுபுறச் சுவரின் புகைபோக்கியில் ஏறும். வழியில் வெப்பத்தைக் கற்கள் வாங்கிக்கொள்ளும். நெருப்பின் மேல் பதித்த செப்புக் கொப்பரையில் ஒளுவுக்கான வெந்நீரும் காயும். டிசம்பர் 21இல் தொடங்கி 40 நாள் நீளும் 'சில்லை கலான்' என்னும் உறைபனிப் பருவத்தில், சுபுஹுத் தொழுகை முடித்தவர்கள் அத்தரையிலேயே அமர்ந்து உரையாடுவர். கனல் தணிந்த பின்னும் கல் நெடுநேரம் வெம்மை தரும். காலடியில் தொடங்கும் வெப்பமாதலால் தலை காய்ந்து கால் குளிரும் தொல்லையும் இல்லை.

சுவீடனில் விறகுப் பஞ்சம் நேர்ந்தபோது, 1767இல் க்ரோன்ஸ்டெட், வ்ரேட என்னும் இருவர் செங்கல் அடுப்பினுள் புகையை மேலும் கீழுமாகப் பலமுறை திருப்பிச் செலுத்தும் அமைப்பை வகுத்ததும் இதே கருத்தின் வழியேதான்.

கொரியாவின் 'ஒண்டோல்' தரையும் ஹமாமின் உறவே. அங்கு அடுப்பை ஒட்டிய பகுதியில் தடித்த கற்களையும், தொலைவில் மெல்லிய கற்களையும் பரப்புவர். அங்ஙனம் செய்தும் அடுப்பண்டை ஓரம் சற்றே மிகுந்து காயும். அவ்விடத்தை அம்மக்கள் வீட்டின் பெரியோர்க்கும் விருந்தினர்க்கும் அளித்தனர். முற்றும் சமமாக்க இயலாத வெப்பத்தைப் பங்கிடுவதில் அவர்கள் காட்டிய இம்முறை எம்மை மிகவும் கவர்ந்தது.

எனினும் ஓர் எச்சரிக்கை கூறாது விடுதல் தகாது. வெப்பத்தைக் காக்க வீட்டை அடைக்க அடைக்க, மூச்சுக்காற்றும் அடைபடும். முழுதும் எரியாத கனலிலிருந்து கார்பன் மோனாக்சைடு எழும். அதற்கு நிறமில்லை, மணமில்லை; குருதியின் ஹீமோகுளோபினை உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் அது பற்றிக்கொள்ளும். 1960, 1970களில் கொரியாவில் விறகுக்கு மாற்றாக நிலக்கரிக் கட்டிகளை எரித்தபோது, தரை விரிசல்களில் கசிந்த இவ்வளியால் உறக்கத்திலேயே மாண்டோர் மிகப் பலர். ஆதலின் படுக்கையறையில் மூடாத கங்குடன் உறங்கலாகாது. அவ்வளியை உணர்ந்து ஒலிக்கும் கருவியும் வீட்டில் வேண்டும். செங்கல் அடுப்பின் புகைபோக்கித் தகட்டை மூடுமுன், அடுப்பின் வாயைத் திறந்து நோக்குக. சாம்பலின் மேல் நீலச்சுடர் ஒன்று ஆடினாலும், கங்கு ஒன்று சிவந்திருந்தாலும், வெப்பம் வீணாகிறதே என்று எண்ணாமல் அவை அவியும் வரை காத்திருக்க வேண்டும்.