கரிசல் சேறு சக்கரத்தை விடாதது ஏன்?

மழைக்குப் பிறகு டி. கல்லுப்பட்டியைச் சுற்றிய கரிசல் காட்டுப் பாதையில் போய்வந்த பைக்கைப் பாருங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சேறு திணித்து வைத்ததுபோல் இருக்கும். மணற்பாங்கான செம்மண் இந்த அளவுக்குப் படுத்தாது. கரிசலில் மாண்ட்மொரில்லோனைட் போன்ற களிமண் வகைகள் அதிகம். அவற்றின் துகள்கள் 2 மைக்ரானுக்கும் சிறிய, அடுக்கடுக்கான தகடுகள். அடுக்குகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்பிப் பசையாகிறது. நீர் வெளியேறினால் சுருங்கி வெடிக்கிறது. கோடையில் அந்த நிலம் பாளம் பாளமாகப் பிளப்பதும் இதனால்தான்.

"காயவிட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடுமே" என்பார்கள். பாதி உண்மை. கட்டி உதிரும், மெல்லிய படலம் தங்கிவிடும். அதை உலர்ந்த துணியால் தேய்ப்பதில்தான் கேடு. மண்ணில் கலந்த மணலின் குவார்ட்ஸ் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. அலுமினியமோ 3-க்கும் கீழே. அலுமினிய அலாய் சக்கரமும் அதன் பெயின்ட்டும் கீறுபடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். நீர் வற்றி இறுகியதை நீரே இளக்கும்: நன்றாக நனைத்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பிறகு ஷாம்பு நீரும் மென்மையான பிரஷும் போதும். தண்ணீர் பட்டால் ஸ்போக்ஸ் துருப்பிடிக்காதா? பிடிக்கும்; ஆனால் ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்கும் சேறு அதைவிட மோசம். கழுவித் துடைத்துவிட்டால் தீர்ந்தது. சிலர் டீசலை அடிக்கிறார்கள். அது ரப்பரைக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் வழுக்கும். கழுவியதும் மெதுவாக ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று முறை பிடித்துப் பாருங்கள். ஈரமான பிரேக் உடனே பிடிக்காது.