விண்டோஸ் மாறியது, பிரிண்டரும் டிஜிட்டல் கையெழுத்தும் மாறவில்லை

புது தில்லி: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. அதையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறிய சிறு அலுவலகங்கள் பலவற்றில் புதியதொரு சிக்கல் எழுகிறது. கணினி ஓடுகிறது, ஆனால் வேலை நடப்பதில்லை. பிரிண்டர் அச்சிட மறுக்கிறது. டிஜிட்டல் கையெழுத்துச் சாதனத்தை இணையதளம் அடையாளம் காண்பதில்லை. நேற்று வரை திறந்த ஹிந்திக் கடிதம் இன்று புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது.

பெரிய நிறுவனங்களில் இவற்றைக் கவனிக்கத் தனித் துறையே உண்டு. சிறு வணிகர்கள், வரி ஆலோசகர்கள், தட்டச்சு நிலையங்கள், பள்ளி அலுவலகங்கள் ஆகியோருக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் நாடுவது தில்லியின் நேரு பிளேஸ், சென்னையின் ரிச்சி தெரு, மும்பையின் லாமிங்டன் சாலை போன்ற சந்தைகளைத்தான். அங்கு பெரும்பாலும் கிடைக்கும் தீர்வு, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. அதில் தீரும் சிக்கல்கள் சில. தொலையும் கோப்புகள் பல.

உண்மையில், இத்தகைய நேர்வுகளில் பெரும்பாலும் கணினி பழுதாவதில்லை. இயங்குதளம் ஒரு படி ஏறிவிட, அதைச் சார்ந்திருந்த ஏதோ ஒரு கருவியோ மென்பொருளோ பழைய படியிலேயே நின்றுவிடுகிறது. எது நின்றது என்று கண்டறிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மாறாமல் இருக்கலாமா?

இவ்வளவு தொல்லை எதற்கு, பழையதிலேயே இருந்துவிடலாமே என்று எண்ணுவோர் உண்டு. அதன் விலையை 2017-ஆம் ஆண்டு மே மாதம் உலகம் கண்டது. 'வான்னாகிரை' என்ற பணயத் தீநிரல் பல நாடுகளில் கணினிகளை முடக்கியது. இந்தியாவில் ஆந்திரப் பிரதேசக் காவல் துறையின் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டன. அந்தத் தீநிரல் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாதவர்களே சிக்கினர்.

உடனடியாக மாற இயலாத தனிநபர்களுக்காக, 2026-ஆம் ஆண்டு அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் நீட்டிப்புத் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நிறுவனங்களுக்கான திட்டத்தில் ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர் கட்டணம். அடுத்த இரு ஆண்டுகளிலும் அது ஆண்டுதோறும் இரட்டிப்பாகும். இது அவகாசமே அன்றி, நிரந்தரத் தீர்வு அல்ல.

தகுதியும் தடையும்

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு, 'செக்யூர் பூட்' வசதி ஆகியவை தேவை. இன்டெல் செயலிகளில் ஒரு சில விதிவிலக்குகள் தவிர, 2017-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிவரத் தொடங்கிய 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையுமே ஏற்கப்படுகின்றன.

'இந்தக் கணினி தகுதியற்றது' என்ற அறிவிப்பைக் கண்டதும் கணினியைக் கைவிட வேண்டியதில்லை. பல கணினிகளில் டிபிஎம் வசதி இருந்தும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினாலே போதும். ஆனால் பழைய பயாஸ் முறையில் நிறுவிய கணினியைத் திடீரென யுஇஎஃப்ஐ முறைக்கு மாற்றினால் விண்டோஸ் தொடங்காது. வட்டின் பகுப்பு முறையை முதலில் மாற்ற வேண்டும். தவறுதலாக மாற்றிவிட்டவர்கள், பயாஸில் பழைய முறையையே மீண்டும் தேர்ந்தெடுத்தால் கணினி முன்போல் தொடங்கிவிடும். கோப்புகள் அழிந்துவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை.

தகுதிச் சோதனையை ஏமாற்றி நிறுவும் குறுக்குவழிகளும் புழக்கத்தில் உள்ளன. அவ்வாறு நிறுவிய கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்ட் தெரிவித்துள்ளது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான '24எச்2' பதிப்பு, மிகப் பழைய செயலிகளில் தொடங்கவே மறுத்தது. அலுவலகக் கணக்குகள் உள்ள கணினியில் இந்தச் சோதனை வேண்டாம்.

கையெழுத்து முடங்கினால்...

இந்தியச் சிறு அலுவலகங்களுக்குப் பண இழப்பை உண்டாக்கக்கூடிய சிக்கல் இதுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் கீழ் வழங்கப்படும் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் ஒரு சிறிய யுஎஸ்பி சாதனத்தில் இருக்கும். நிறுவனங்கள் ஜிஎஸ்டி கணக்கையும், கம்பெனி விவகார அமைச்சகத்துக்கான படிவங்களையும் தாக்கல் செய்ய அது அவசியம். மாதந்தோறும் தாக்கல் செய்வோர் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அளிக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணமும், செலுத்தாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும். 'கணினி மாற்றினோம்' என்பது அங்கே பதிலாகாது.

இந்தக் கையெழுத்து வேலை செய்ய மூன்று கண்ணிகள் சேர வேண்டும். முதலாவது, சாதனத்துக்குரிய டிரைவர் மென்பொருள். இரண்டாவது, இணையதளத்துக்கும் சாதனத்துக்கும் பாலமாக இருக்கும் 'எம்சைனர்' போன்ற மென்பொருள். மூன்றாவது, உலாவி. இயங்குதளம் மாறியபின் முதல் இரண்டையும் நீக்கிவிட்டு, உரிய இணையதளத்திலிருந்து புதிய பதிப்பை இறக்கி, நிர்வாகி உரிமையுடன் நிறுவினால் பெரும்பாலும் சிக்கல் தீரும். தீராவிட்டால், பால மென்பொருளை வைரஸ் தடுப்பு மென்பொருளோ ஃபயர்வாலோ தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு செயல்களைத் தவிர்க்க வேண்டும். கடவு எண்ணைப் பலமுறை தவறாக இட்டால் சாதனம் பூட்டிக்கொள்ளும். 'இனிஷியலைஸ்' என்ற கட்டளையைக் கொடுத்தால் உள்ளிருக்கும் சான்றிதழே அழிந்துவிடும். பின்னர் கட்டணம் செலுத்தி, விடியோ வழிச் சரிபார்ப்பு முடித்துப் புதிய சான்றிதழ் பெறுவதைத் தவிர வேறு வழியில்லை.

அரசு இணையதளங்களில் பழைய தொழில்நுட்பத்தில் அமைந்த சில பக்கங்கள் 'இன்டர்நெட் எக்ஸ்புளோரர்' உலாவியை நம்பியிருந்தன. அந்த உலாவிக்கு 2022-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி ஓய்வு அளிக்கப்பட்டது. அத்தகைய பக்கங்களைத் திறக்க 'எட்ஜ்' உலாவியில் 'ஐஇ மோட்' என்ற வசதி உள்ளது. 2029 வரையேனும் அது நீடிக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ளது.

பிரிண்டரும் ஸ்கேனரும்

கடைகளில் ரசீது அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் பல ஆண்டுகள் உழைப்பவை. அவற்றுக்கு விண்டோஸ் 11-இல் டிரைவர் கிடைக்காதபோது, விண்டோஸிலேயே உள்ள 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற பொது டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட ரசீதுகளை அச்சிட முடியும். காகித அளவை மீண்டும் அமைக்க மறந்தால் வரிகள் கட்டத்துக்கு வெளியே விழும். அது பிரிண்டரின் கோளாறு அல்ல.

ஸ்கேன் செய்த தாளை நேரே கணினியின் கோப்புறைக்கு அனுப்பும் நகல் இயந்திரங்களில் வேறொரு தடை. '24எச்2' பதிப்பின் 'ப்ரோ' வகையில், அலுவலக வலைப்பின்னல் வழியான கோப்புப் பரிமாற்றத்துக்குக் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது; கடவுச்சொல் இல்லாத 'விருந்தினர்' அணுகல் தடுக்கப்பட்டது. பழைய இயந்திரங்கள் இந்த நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் நின்றுவிடுகின்றன. கணினியில் கடவுச்சொல்லுடன் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி இயந்திரத்தில் பதிவு செய்வதும், இயந்திரத்தின் உள் மென்பொருளைப் புதுப்பிப்பதும் சரியான வழி. அதுவும் இயலாவிடில் ஸ்கேன் செய்ததை யுஎஸ்பி டிரைவில் சேமிக்கலாம். பாதுகாப்பையே அணைத்துவைப்பது, கதவின் பூட்டு துருப்பிடித்தது என்று கதவையே கழற்றுவது போன்றது.

டாஸ் கணக்கும் பழைய எழுத்துருவும்

விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பு இல்லை. டாஸ் காலத்தில் எழுதப்பட்டு, 32 பிட் விண்டோஸில் இதுவரை ஓடிவந்த கணக்கு மென்பொருள்கள் இதில் நேரடியாக ஓடா. 'டாஸ்பாக்ஸ்' போன்ற போலச்செய்யும் மென்பொருளில் அவற்றை ஓடவிட்டு, பழைய ஆண்டுகளின் கணக்கைப் பார்வையிட முடியும். புதிய கணக்கை அதில் தொடர்வது உசிதமல்ல. 32 பிட் கணினியிலிருந்து விண்டோஸ் 11-க்குப் படியேற்றம் செய்யவும் இயலாது. புதிதாகவே நிறுவ வேண்டும் என்பதால் அனைத்தையும் முன்னதாகப் பிரதி எடுப்பது கட்டாயம்.

ஹிந்தி மாநிலங்களில் 'கிருதி தேவ்' எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணங்கள் ஏராளம். புதிதாக நிறுவிய கணினியில் அந்த எழுத்துரு இராது. ஆகவே கோப்பு ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழில் பாமினி, வானவில் எழுத்துருக்களில் உள்ள கோப்புகளுக்கும் இதே கதி. கோப்பு கெடவில்லை, எழுத்துருவை மீண்டும் நிறுவினால் வாசகம் திரும்பிவிடும். பின்னர் யுனிகோட் முறைக்கு மாற்றிவைத்தால் அடுத்த மாற்றத்தின்போது இந்தத் தொல்லை இராது. மங்கள், லதா ஆகிய யுனிகோட் எழுத்துருக்கள்கூட விண்டோஸ் 10 முதல் விருப்பக் கூறுகளாகவே உள்ளன. பக்க அமைப்பு குலைந்திருந்தால் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பூட்டிய வட்டு

மேற்கண்டவை அனைத்தும் மீட்கக்கூடியவை. மீட்க முடியாமல் போகக்கூடியது ஒன்று உண்டு. வட்டில் உள்ள தகவல்களைப் பூட்டிவைக்கும் 'பிட்லாக்கர்' முறை, புதிய கணினிகளிலும் புதிதாக நிறுவிய '24எச்2' கணினிகளிலும் உரிமையாளர் அறியாமலே இயங்கத் தொடங்கியிருக்கலாம். பயாஸில் மாற்றம் செய்தாலோ, சில வேளைகளில் ஒரு திருத்தத்தை நிறுவினாலோ, 48 இலக்க மீட்புச் சாவியை அது கேட்கும். 2024 ஜூலையில் வெளியான ஒரு திருத்தத்துக்குப் பின் சில கணினிகளில் இவ்வாறு நேர்ந்ததை மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது.

அந்தச் சாவி, கணினியை முதலில் அமைத்தபோது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினியை அமைத்துக்கொடுத்த கடைக்காரர் தமது மின்னஞ்சல் கணக்கைக் கொண்டு அமைத்திருந்தால், சாவியும் அவரது கணக்கில்தான் இருக்கும். சாவி கிடைக்காவிடில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் வட்டைத் திறக்க இயலாது. கணினி நன்றாக ஓடும்போதே சாவியைத் தாளில் அச்சிட்டுப் பத்திரப்படுத்துவதும், பயாஸில் கை வைக்குமுன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதும் அவசியம்.

பத்து நாள் அவகாசம்

படியேற்றம் செய்த நாளிலிருந்து 10 நாள்களுக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்ப வழி உண்டு. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரெக்கவரி' என்று சென்றால் 'கோ பேக்' என்ற பொத்தான் தெரியும். இதற்காகப் பழைய அமைப்பு 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறையில் காக்கப்படுகிறது. இடத்தைக் காலி செய்வதாகக் கருதி அதை அழித்தால் இந்த வழி அடைபடும்.

ஆகவே அந்தப் பத்து நாள்களும் சோதனைக் காலம். முதல் நாளே பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து, கணக்கு மென்பொருள் ஆகிய ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்க்க வேண்டும். 'டிவைஸ் மேனேஜர்' பட்டியலில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால், அந்தக் கருவியின் டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பெற வேண்டும். டிரைவரை ஏற்க மறுத்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள 'மெமரி இன்டெக்ரிட்டி' பகுதி எந்த டிரைவர் பொருந்தவில்லை என்று பெயரிட்டுக் காட்டும். கணினி தொடங்கவே தடுமாறினால் 'சேஃப் மோட்' முறையில் தொடங்கி, கடைசியாக நிறுவியதை நீக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்தால்தான் எது தீர்வு என்பது தெரியும்.

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான திருத்தத்தால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தனர். அன்றும் பல கணினிகளை மீட்டது இதே எளிய முறைதான்: சேஃப் மோடில் தொடங்கி, பிழையான கோப்பை நீக்கினர்.

குப்பைக்குப் போகுமுன்

விண்டோஸ் 10 ஆதரவு முடிவதால் உலகெங்கும் 24 கோடி கணினிகள் குப்பைக்குச் செல்லக்கூடும் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது. தில்லியில் மின்னணுக் கழிவுகள் வந்து சேரும் சீலம்பூரில் அவற்றைப் பிரிப்பவர்கள் முறைசாராத் தொழிலாளர்கள். தகுதி பெறாத கணினிகளுக்கு லினக்ஸ் ஒரு மாற்று. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் லினக்ஸ் வகையே. கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடத்துகின்றன. கடிதம் எழுதவும் இணையம் பார்க்கவும் அது போதும். டிஜிட்டல் கையெழுத்துக்கும் விண்டோஸ் மென்பொருள்களுக்கும் மட்டும் தகுதியுள்ள ஒரு கணினியை ஒதுக்கிக்கொள்ளலாம்.

வரி ஆலோசகர்களும் வணிகர்களும் கவனிக்க வேண்டியது நாள்காட்டியையும்தான். இயங்குதளத்தை 20-ஆம் தேதியை ஒட்டி மாற்றாமல், கணக்குத் தாக்கல் முடிந்த மறுநாள் மாற்றினால், சிக்கலைத் தீர்க்கவும் தேவையானால் பழையதற்கே திரும்பவும் பத்து நாள்கள் முழுமையாகக் கிடைக்கும்.