மன்னார் வளைகுடாவில் கால் வைக்குமுன்

விலங்குகளின் சரணாலயம் என்றதும் யானையையும் சிறுத்தையையும் எண்ணி அஞ்சப் பழகிய நமக்கு, 1986ஆம் ஆண்டில் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற மன்னார் வளைகுடாவில், ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கிடக்கும் 21 தீவுகளை அடுத்த முழங்காலளவு ஜலத்திலே, துரத்திவரும் பிராணி எதுவும் கண்ணில் படாதது பெரிய நிம்மதியாகவே தோன்றும். ஆனால் இக்கடலில் மனிதனுக்குத் துன்பம் விளைவிப்பவற்றுள் பல, மிதித்தாலோ எடுத்தாலோ அன்றி நம்மைச் சட்டை செய்யாமல் கிடப்பவை.

திருக்கை அத்தகையது. தட்டையான உடலை மணலில் புதைத்துக் கண்களை மாத்திரம் வெளியே வைத்துப் படுத்திருக்கும் அம்மீன், முதுகில் மிதிபட்ட கணத்தில் வாலை மேலே வீச, அதிலுள்ள பல்வைத்த முள் கணுக்காலைக் கிழித்து, புண்ணிலே விஷத்தையும் இறக்கிவிடும். ஆகவே ஆழமற்ற நீரில் காலைத் தூக்கித் தூக்கி வையாமல், மணலோடு தேய்த்துக்கொண்டே நடப்பது உத்தமம். அதிர்வை உணர்ந்ததும் திருக்கை தானே விலகிப்போகும். முள் பட்டுவிட்டாலோ, சூட்டில் சிதையும் சுபாவமுள்ள அவ்விஷத்தின் வேதனை, பொறுக்கத்தக்க வெந்நீரில், அதாவது 45 பாகைக்கு மேற்படாத சூட்டில், காலை அமிழ்த்தி வைத்தால் தணியும். பின்னர் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள், பிறந்தது முதல் இக்கடலை அறிந்தவர்களாயினும், காலில் செருப்பும் விரல்களில் துணிச்சுற்றும் இன்றி இறங்குவதில்லை.

ராமேசுவரம் யாத்ரீகருக்குச் சங்கிலும் சோழியிலும் உள்ள மோகம் பிரசித்தமானது. கடைவீதியில் விற்கும் வெற்று ஓட்டால் தீங்கில்லை. பாறையிடுக்கில் உயிரோடிருக்கும் கூம்புச் சங்கை, அதன் சித்திர வேலைப்பாட்டில் மயங்கிக் கையில் எடுப்பவரோ, இரையைக் குத்தி வீழ்த்த அது வைத்திருக்கும் ஈட்டி போன்ற பல்லுக்குத் தம் உள்ளங்கையை ஒப்புக்கொடுக்கிறார். அவ்வினத்தில் சிலவற்றின் விஷம் சுவாசத்தையே நிறுத்தவல்லது, முறிமருந்தும் இல்லை. அவ்விஷப் பொருளொன்றைப் பின்பற்றி ஆக்கிய வலிநிவாரணி 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது ஒரு விசித்திரம். பூங்காவினுள் அனுமதியின்றி எதையும் எடுப்பது சட்ட விரோதம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கரையொதுங்கிச் செத்துக் கிடக்கும் சொறிமீனும் தொட்டால் கொட்டும். கொட்டிய இடத்தை நன்னீரால் கழுவினால் எஞ்சிய கொட்டணுக்களும் வெடிக்குமாதலால், கடல்நீரையே ஊற்ற வேண்டும்.

துடுப்புவால் கொண்ட கடற்பாம்பு சாதாரணமாக மனிதரைத் தேடிக் கடிப்பதன்று. வலையில் சிக்கியதைக் கையாளும்போதே கடி நேர்வது மிகுதி. கடிவாயில் நோவு சொற்பமாதலால் பிரயாணி அதை அலட்சியம் செய்யக்கூடும். தசைகள் வலித்து விறைப்பது அரை மணி முதல் சில மணி நேரம் சென்ற பிறகே. ஆதலின் நோவில்லாதபோதே, கடியுண்ட அங்கத்தை அசையவிடாமல் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.